பாவாடை ஓரத்து ஈயக்குண்டுகள்

அக்கா, உன் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். முடியாவிட்டால் தட்டிலேயே விடு, குப்பையில் ஒளிக்காதே.

"எடை ஏறிடுச்சுடி, டாக்டருக்கே சந்தோஷம்" என்று போன வாரம் சிரித்தாய். எனக்கு அப்போதே உறுத்தியது. இன்று உன் பாவாடையைத் துவைக்க எடுத்தால் ஓரமெல்லாம் கனக்கிறது. ஜன்னல் திரை பறக்காமலிருக்க அடியில் தைத்திருந்த ஈயக்குண்டுகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன.

டாக்டரிடம் போட்டுக்கொடுக்க மாட்டேன். நான் பிரிக்கவும் இல்லை. பாவாடை நாற்காலியில் இருக்கிறது, கத்தரிக்கோல் அதன்மேல். சாயங்காலம் எடை பார்க்கப் போகுமுன் நீயே பிரி. எடை மெஷின் ஏமாறலாம். தினமும் உன்னைத் தாங்கிப் படியேற்றுகிற எனக்கு உன் கனம் தெரியாதா?

கோபம் தீரவில்லை.
தங்கச்சி

குண்டுகளைத் திரையிலேயே திரும்பத் தைத்துவிடு. காற்று உள்ளே வந்தால் முதலில் நடுங்குவது நீதான்.