பள்ளக்காணிக்குள் வந்த விரால் குஞ்சுகள்

என் உடன்பிறந்த அன்பான காக்கா,

நீங்கள் அடங்கிக் கிடக்கிற மையவாடிக்குப் பொம்புளைகள் வருவதில்லை. ஆம்பிளைகள் ஜும்ஆ முடிந்து உங்கள் கபுறடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஊர்ப் புதினம் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்குச் சொல்ல நிறையக் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு ஓதுகிற வருஷக் கத்தம் நெருங்கி வருகிறது. அன்றைக்கு யாரையாவது கொண்டு இதை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லப் போகிறேன். ஊரும் கேட்கட்டும்.

இதை எழுதும் நேரம் என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான், ஓடைவாயில் மண்வெட்டியோடு நிற்கிறார். போன மாரியில் நீங்கள் நின்ற அதே இடத்தில். எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால், ஒரு கண் வாசலில் இருப்பதால்தான்.

கேட்கிற ஆக்களுக்கும் விளங்க வேண்டுமே, அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். பன்னடி ஓடை கடலில் சேருகிற இடத்தைக் கடல் மண்போட்டு அடைத்துவைத்திருக்கும். மாரி மழைக்கு ஓடை பெருகி வயலுக்குள் ஏறும். அந்த மண்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்து நெல் தப்பும். ஆனால் அதே நாட்களில்தான் விரால் குஞ்சு பொரித்திருக்கும். செக்கச்செவேல் என்று கூட்டமாக மிதக்கிற அந்தக் குஞ்சுகளுக்கு இழுக்கிற தண்ணீரை எதிர்த்து நீந்தப் பலமில்லை. முந்தி வெட்டினால் அத்தனையும் கடலுக்குப் போய் உப்பில் சாகும். பிந்தி வெட்டினால் நெல் அழுகும்.

மீன் போனால் போகட்டும் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத மாதங்களில் அவர்கள் வீட்டுச் சட்டியில் என்ன வெந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு விரால் ஆணம் காய்ச்சிக் கொடுக்கவும் ஓடையில் மீன் இல்லை என்று ஆனபிறகு பள்ளிவாசலில் எழுந்து நின்று கேட்டீர்கள். கூலி இல்லை, சோறும் இல்லை, வரக்கூடியவன் வரட்டும் என்று ஆள் சேர்த்தீர்கள். குஞ்சோடு நிற்கிற தாய் விராலைக் குத்த வருகிறவர்களைத் தடுக்கவும், களவாக ஓடைவாய் வெட்ட வருகிறவர்களைத் தடுக்கவும் முறைபோட்டுக் காவல் இருந்தீர்கள்.

அதோடு விட்டீர்களா? எப்போது வெட்டுவது என்ற சண்டைக்கு ஒரு முடிவும் கட்டினீர்கள். ஆகப் பள்ளத்தில் இருக்கிற காணிக்காரர் சரி என்று சொன்னால்தான் மண்வெட்டி இறங்க வேண்டும், முதலில் நட்டப்படுகிறவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வரட்டும் என்று. வயல் காரியங்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையாரும் தலையாட்டினார். எல்லாரும் உங்களைப் புகழ்ந்தார்கள். ஆகப் பள்ளத்தில் கிடப்பது உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த காணி என்பது பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்கு முதலிலேயே தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா காக்கா?

போன மாரியில் நான் சொன்னேன். வெட்டுங்கள் என்று நேரத்தோடு சொன்னேன். நீங்கள் குடையை மடக்கிக்கொண்டு என் வாசலில் நின்று, "ஒரு நாள் பொறு தங்கச்சி, குஞ்சி மேல ஏறட்டும்" என்றீர்கள். நீங்கள் சொன்னால் உங்கள் ஆட்கள் கேட்பார்கள், கேட்டார்கள். அந்த ஒரு நாளில் தண்ணீர் முட்டி நின்று, கடைசி மண்ணை வெட்டும்போது திட்டு உங்கள் காலுக்குக் கீழே உடைந்தது. கடைசி மண்ணைத் தலைவர்தான் வெட்ட வேண்டும் என்று நம்மட ஆக்களுக்கு ஒரு பெருமை வேறு. காரைதீவுத் தமிழ் ஆக்கள்தான் உங்கள் உடம்பைக் கரையில் கண்டு, வேட்டியால் மூடி, வண்டியில் கொண்டுவந்து தந்தார்கள்.

ஊர் உங்களை நல்லவர் என்று சொல்கிறது. நானும் சொல்கிறேன். ஆனால் எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. மௌத்தானவர் மேல் கோபப்படக் கூடாது என்று பாங்கு சொல்கிற மோதினார் சொல்கிறார். அவருடைய தங்கச்சியா நான்?

இந்த மாரி முந்தியே தொடங்கிவிட்டது. நெல் முளைத்து ஒரு சாண்கூட வரவில்லை, அதற்குள் ஓடை என் வரம்பை நக்கத் தொடங்கியது. உங்கள் ஆட்கள் யாரும் விலகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ஆதம்பாவா வந்து, என் சொல்லைக் கேட்கப் படலையடியில் நிற்பார். கரைவலைக்காரர், உங்களோடு முதல் நாளிலிருந்து காவல் இருந்தவர்.

"என்ன ராத்தா செல்றீங்க?"

"குஞ்சி எப்பிடி இரிக்கி?"

"இன்னும் சிவப்புத்தான். கறுத்தாத்தான் பலம் வரும். ஒரு கிழமை பொறுத்தாத் தப்பிரும்."

ஒரு கிழமையாம். நீங்கள் ஒரு நாள் கேட்டீர்கள், இவர் ஒரு கிழமை கேட்கிறார். நான் உள்ளே போய் உலை வைப்பேன். பானையில் அரிசி போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியாது.

மேட்டுப் பக்கத்துப் பெரிய காணிக்காரர், மேல்வட்டைப் போடியாருக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் அனுப்பினார். வந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பொட்டைக்குச் சீதனம் குடுக்கப் போறாவா, மீனுக்குக் குடுக்கப் போறாவா எண்டு போடியார் கேக்கச் சொன்னார்."

அவன் சிரித்ததிலும் காரணம் இருக்கிறது. என் மகள் சுலைகாவுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். அந்தப் பள்ளக்காணிதான் சீதனம். மாப்பிள்ளையின் வாப்பா வரும் ஞாயிற்றுக்கிழமை காணி பார்க்க வருகிறார். அவர் நெல்லையும் தண்ணீரையும் கரைத்துக் குடித்தவர். அழுகின நெல்லைக் காட்டி இது நல்ல காணி என்று எந்த முகத்தோடு சொல்வது? சுலைகாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. சொல்லவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது.

உங்கள் மச்சானிடம் கேட்டேன், என்ன செய்யிற என்று. அவர் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க போகாதீங்க. வேற ஆக்கள் இரிக்காங்கதானே."

"உன்ட காக்கா நிண்ட இடத்துல நான் நிக்காம வேற ஆரு நிக்கிற?"

ஒரு பக்கம் காணி, ஒரு பக்கம் குஞ்சு, நடுவில் இந்த மனுசன். இந்த மூன்றையும் என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே. இரவில் தூக்கமில்லை. மழை கூரையில் அடிக்கிற சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

இன்றைக்கு விடியக்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுலைகாவையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று. வரம்பின் ஒரு பக்கம் தண்ணீர் ஏறி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நெல்லின் நுனி மட்டும் தெரிந்தது. அழக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்டச் சொல்லிவிடுவோம், குஞ்சு போனால் போகட்டும், அல்லாஹ் மன்னிப்பான் என்று திரும்பினேன்.

"உம்மா, இஞ்ச பாருங்க" என்றாள் சுலைகா.

நெல்லுக்கு மேலே சிவப்பாக ஒன்று நகர்ந்தது. விரால் குஞ்சு. என் காணிக்குள். அங்கால் இன்னொரு கூட்டம். பள்ளம், ஆழம் இல்லாத தண்ணீர், மறைய நெல்லும் புல்லும். அவற்றுக்கு வேறு என்ன வேண்டும்? தாய் மீன் கீழே நின்று ஒரு புரட்டுப் புரட்டியது, தண்ணீர் கலங்கியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கே ஓடைவாயை வெட்டலாம். தண்ணீர் முட்டி நிற்கும் முன்னமே வெட்டினால் வெட்டுகிறவர்களுக்கும் ஆபத்துக் குறைவு, மற்ற ஆக்களின் வயலும் தப்பும். என் காணியை மட்டும் வடிய விடாமல், தண்ணீர் போகிற வக்கடையை அடைத்து, வரம்பை உயர்த்திக் கட்டிவிட்டால் குஞ்சு உள்ளேயே நிற்கும். கடல் பழையபடி ஓடைவாயை அடைத்து, ஓடையில் தண்ணீர் தேங்கினதும் திறந்துவிடலாம்.

சுலைகா கெட்டிக்காரி, சொல்லாமலே விளங்கிக்கொண்டாள். "அப்ப நெல்லு?" என்றாள்.

"நெல்லு போகும்."

அவள் காணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாணம் அவளுக்கு, காணி அவளுக்கு. வேண்டாம் உம்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். அவள் பாவாடையைச் சொருகிக்கொண்டு குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வக்கடையில் போட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆதம்பாவாவுக்குச் சொல்லி அனுப்பியதும் காவல்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். தென்னோலையை இரண்டு கரையிலும் பிடித்து இழுத்து, ஓடையோரம் நின்ற குஞ்சுக் கூட்டங்களை மெதுமெதுவாக என் காணிப் பக்கம் ஒதுக்கினார்கள். பொம்புளைகள் பன்பாய் கொண்டுவந்து வரம்பு தாழ்ந்த இடங்களில் கம்பு நட்டுக் கட்டினார்கள். விற்பதற்கு இழைத்து வைத்திருந்த புதுப் பாய்கள். எல்லாக் குஞ்சும் வந்ததா? இல்லை. வந்த மட்டும் வந்தது.

வெட்டப் போகிறவர்களிடம் நான் ஒன்று சொன்னேன். கடல் பக்கமிருந்து வாய்க்கால் வெட்டி வாருங்கள், ஓடைப் பக்கம் கொஞ்ச மண்ணை விட்டுவிட்டுக் கரையேறிவிடுங்கள், கடைசி மண்ணைத் தண்ணீரே தின்னட்டும் என்று. உங்கள் மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கடைசி மண்ண வெட்டாம வாறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்குச் சிரிக்கிற ஊர் போதும்."

தலையைக் குனிந்துகொண்டு போனார். சொன்னதைச் செய்வாரோ, தெரியாது. மத்தியான லுகருக்கு முந்திப் போனவர்கள். இப்போது அசருக்கும் பாங்கு சொல்லியாகிவிட்டது. ஒருவரையும் காணவில்லை. கடல் இரைகிறதா, ஓடை உடைத்துக்கொண்டு போகிற சத்தமா என்று இங்கிருந்து பிரித்தறிய முடியவில்லை. போன மாரியிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எழுதுவதை நிறுத்தினால் வாசலுக்கு ஓடத் தோன்றுகிறது. அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இந்த வரியில் ஒன்றும் இல்லை காக்கா. இதுவும் சும்மாதான்.

அவர் வந்துவிட்டார்.

பொழுதுபட்டுத் தொழுகிற மகரிபுக்குக் கொஞ்சம் முந்தி வந்தார். உடம்பெல்லாம் மண். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "தண்ணியே திண்டுட்டு" என்றார். பிறகு கேட்காமலே சொன்னார், போன ஆக்கள் எல்லாரும் வந்துட்டாங்க என்று. நான் அவருக்குச் சோறு போட்டேன். குசினிக்குப் போய்த் தனியாக நின்று அழுதேன். அவர் வந்ததற்கு அழுதேனா, இவ்வளவு லேசாகச் செய்திருக்கக்கூடியதைப் போன மாரியில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அழுதேனா, தெரியவில்லை.

பயம் இன்னும் போகவில்லை. ஓடை இறங்க இறங்க உள்ளே நிற்கிற தண்ணீர் வரம்பைத் தள்ளும். சேறு ஊறி ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் எல்லாம் முடிந்தது. ஆதம்பாவா பாயோடு போய் வரம்பிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் வாப்பா வந்தால் நெல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரையும் மீனையும் காட்டப் போகிறேன். அவர் என்ன சொல்வாரோ. சுலைகா மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறாள்.

ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஓடைவாய் அடைபட்டதும் வக்கடையை நானே என் கையால் திறந்துவிடுவேன். அதுவரைக்கும் ஒரு குஞ்சை ஒருவரும் தொட விடமாட்டேன். நீங்கள் சேர்த்த ஆட்களைக் கலைய விடமாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், இதைக் கத்தத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். இனி எந்த மாரியிலும் அந்தச் சொல்லை நான் நேரத்தோடு சொல்வேன். நீங்களே எழுந்து வந்து என் வாசலில் நின்று இன்னும் ஒரு நாள் பொறு என்று கேட்டாலும், உங்களை உள்ளே கூப்பிட்டு இருத்திச் சோறு போட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெட்டச் சொல்லுவேன்.

இனிமேல் உங்கள் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
ஆசியா உம்மா