அப்பா எந்தக் காலில் நொண்ட வேண்டும்

செப்டம்பர் 13, 1994, செவ்வாய்

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். நோட்டிடம் மன்னிப்புக் கேட்கிறேன் - கேட்பதற்கு வேறு யாரும் விழித்திருக்கவில்லை. ஜூனி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. மறுபடியும் பார்த்தேன். வருகிறது.

என் கணவன் வேட் மிசிசிப்பி ஆற்றில் எங்கேயோ ஓர் இழுவைப் படகில் கயிறு கட்டிக்கொண்டிருப்பான். ஞானஸ்நானத்துக்கு வர முடியாதாம். ஆக, நானும் குழந்தையும் இரண்டு தாத்தாக்களும்தான். அந்த இரண்டு தாத்தாக்களும் ஒரே கூரையின் கீழ் நிற்க மாட்டார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

ஒஹாயோவிலிருந்து ப்ரூயிட் புது வீடியோ கேசட் அனுப்பியிருக்கிறார். பழைய மல்யுத்தப் போட்டிகளைச் சேர்க்கும் பைத்தியங்களுக்காக அவர் நடத்தும் பத்திரிகையில் நான் விமர்சனம் எழுதுகிறேன். வட்டாரத்துக்கு ஒரு முதலாளி, ஒரு டி.வி. நிலையம், திங்கள் இரவு ஓர் அரங்கம் என்று இருந்த காலத்துப் போட்டிகள். கல்லூரியில் இலக்கியம் படித்தவள் இப்போது நட்சத்திரம் போடுகிறேன், அதிகபட்சம் ஐந்து. எல். ஸ்லை என்று கையெழுத்து. ப்ரூயிட் என்னை ஆண் என்று நினைக்கிறார். "நண்பரே, இம்முறை ஒரு பொக்கிஷம்" என்று எழுதியிருந்தார்.

பொக்கிஷத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ஹார்லன் டப்ஸ் எதிர் ஓட்டோ பிரபு. 1977. கால் உடைந்த போட்டி.

ஹார்லன் டப்ஸ் என் அப்பா. ஓட்டோ பிரபு என் மாமனார்.

செப்டம்பர் 15, வியாழன்

இன்னும் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது. அம்மா இருந்தபோது இந்தப் போட்டியைப் பற்றி வீட்டில் பேசவே விடமாட்டாள்.

அதெல்லாம் வளர்ந்தவர்கள் சேர்ந்து போட்ட நாடகம் என்று எனக்குத் தெரியும். ஊரிலும் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு: நல்லவனும் கெட்டவனும் ஒன்றாகக் காணப்படக் கூடாது. ஒரே காரில் போகக் கூடாது, ஒரே கடையில் சாப்பிடக் கூடாது, அரங்கத்துக்குள் ஒரே வாசலில் நுழையக் கூடாது. மற்றவர்களெல்லாம் ஓய்வு பெற்றதும் விதியையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் போடவில்லை. எங்கள் கல்யாணமே வேறு மாநிலத்து நீதிமன்றத்தில், அப்பாக்கள் இல்லாமல் நடந்தது. அப்பா ஜூனியைப் பார்க்க முன்வாசலில் வருவார். மாமா இருட்டியதும் பின்வாசலில் வருவார். அந்தக் கதவுக்குப் படி கூடக் கிடையாது, பெயிண்ட் டப்பா மேல் ஏறித்தான் வரவேண்டும்.

மாமா ஆர்கன்சாஸில் பன்றிப் பண்ணையில் பிறந்தவர். நிஜப் பெயர் பியூஃபோர்ட், ஓட்டோ பிரபு என்பது மேடையில் அவர் போட்ட ஜெர்மன் வில்லன் வேஷம். ஜெர்மனியைப் படத்தில் கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் மளிகைக் கடையில், "எனக்கு இரண்டு இறாத்தல் பன்றி இறைச்சி வேண்டும், அடிமையே!" என்றுதான் கேட்பார். கடைக்காரர் பவ்யமாகக் கட்டிக் கொடுப்பார்.

செப்டம்பர் 17, சனி

பார்த்தேன். ஜூனி மடியில் இருந்தாள். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார், கூட்டம் ஊளையிடுகிறது, யாரோ நாற்காலி எறிகிறார்கள். ஜூனி தூங்கிவிட்டாள்! மூன்று வாரமாகத் தாலாட்டு, வெந்நீர், காரில் சுற்றுவது எதற்கும் மசியாதவள். நிறுத்தினேன், அழுதாள். போட்டேன், தூங்கினாள். இது நல்லதா? டாக்டரிடம் என்னவென்று சொல்வது?

போட்டியைப் பற்றி: முதல் பாதி மந்தம். தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் படுத்தே கிடக்கிறார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. அப்பாவின் குத்து அழகு. மாமா மயங்கி விழும் விதம் அதைவிட அழகு, முதலில் முழங்கால், பிறகு மானம், பிறகு முகம். கடைசியில் நடுவர் வேறு பக்கம் பார்க்கும்போது (இவர்கள் எப்போதுதான் இந்தப் பக்கம் பார்த்தார்கள்?) மாமா நாற்காலியால் அப்பாவின் காலை உடைக்கிறார். பூத் தொப்பி வைத்த ஒரு பெண்மணி எழுந்து வந்து மாமாவின் தொடையில் தொப்பி ஊசியைச் செருகுகிறார். அது ஒத்திகையில் இல்லாதது. மாமா போட்ட அலறல்தான் அந்த இரவில் நடந்த ஒரே நிஜம்.

பூத் தொப்பி - எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மிஸ் இமோஜீன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

மறுபடி போட்டுப் பார்த்தேன். வலது கால்.

உடைந்தது வலது கால்! ஊர் நம்புவதற்காகப் பதினேழு வருஷமாக அப்பா நொண்டுவது இடது காலில்.

செப்டம்பர் 20, செவ்வாய்

அப்பா வந்தார். வாசல்வரை நொண்டினார். கதவைச் சாத்தியதும் சாதாரணமாக நடந்து வந்து குழந்தையைத் தூக்கினார்.

"அப்பா, உங்களுக்கு உடைஞ்சது எந்தக் கால்?"

"என்ன கேள்வி இது? இதுதான்." இடதைத் தட்டிக் காட்டினார்.

கேசட்டைப் போட்டேன். நாற்காலி இறங்கியது. அப்பா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேசட்டுல இடம் வலமா தெரியும், கண்ணு. கண்ணாடி மாதிரி."

"பின்னாடி பலகையில இருக்கிற எழுத்து நேராத்தானேப்பா இருக்கு?"

"எழுத்துக்கு வேற மாதிரி." பிறகு குரல் இறங்கியது. "முதல் ஒரு மாசம் சரியாத்தான் நொண்டினேன். அப்புறம் உங்க அம்மா கூட ஃப்ளோரிடா போனோம். அங்க நொண்ட வேண்டியதில்லையே. திரும்பி வந்து... ஏதோ ஒரு கால்ல ஆரம்பிச்சிட்டேன் போல."

தேவாலயத்தில் அவர் காலை நீட்டிக்கொள்ள ஓரத்து இருக்கை விட்டிருக்கிறார்கள். மளிகைக் கடை வாசலில் அவர் வண்டிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எல்லாம் தவறான காலுக்கு.

ஞானஸ்நானம் பற்றிக் கேட்டேன். "நான் வருவேன். அந்த ஜெர்மன்காரன் வந்தா நான் வரமாட்டேன்."

"அவர் ஜெர்மன்காரர் இல்லப்பா."

"உங்கிட்ட அப்படியா சொல்றான்? எவ்வளவு தந்திரம் பாரு."

செப்டம்பர் 24, சனி

பின்வாசலில் மாமா. ஞானஸ்நானத்துக்கு வருவீர்களா என்று நேரடியாகக் கேட்டேன்.

"வரக்கூடாதும்மா," என்றார், ஆர்கன்சாஸ் குரலில். ஜூனி அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "பஞ்சு மில்லுல நாள்பூரா நின்னுட்டு, திங்கக்கிழமை வந்து என்னைப் பாத்துக் கத்திட்டுப் போவாங்க. அந்த வாரம் முழுக்க அதுலதான் ஓடும். இப்ப நான் போய் உங்கப்பா பக்கத்துல பாட்டுப் புஸ்தகத்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா, அவங்க கத்தினதெல்லாம் என்ன ஆகும்? இமோஜீன் என்ன நினைப்பா?"

"ஜூனி என்ன நினைப்பா மாமா? தாத்தான்னா பெயிண்ட் டப்பா மேல ஏறி வர்றவர்னு நினைப்பா."

மாமா மீசையை விடுவித்துக்கொண்டார். குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். டப்பா உருளும் சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் மேல கோபப்படறது? ஒருத்தர் விதின்றார், ஒருத்தர் மானம்ன்றார், நடுவுல என் பொண்ணு. அவளுக்கு இருக்கிறதே இந்த ரெண்டு கிழவங்கதான்!

செப்டம்பர் 27, செவ்வாய்

விமர்சனத்தை அனுப்பிவிட்டேன். காலைப் பற்றி எழுதவில்லை. அது பத்திரிகைக்கு உரியதல்ல. ஆனால் நட்சத்திரத்தில் பொய் சொல்ல முடியவில்லை. இரண்டே முக்கால்.

செப்டம்பர் 28, புதன்

தபால் பெட்டிக்குள் கை விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா? முயன்றேன். முடியாது.

அக்டோபர் 8, சனி

இதழ் வந்தது வியாழன். அவர்களுக்குத் தெரியாமல் செய்வது அநியாயம் என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்து அனுப்பினேன். அது இத்தனை தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு முன்வாசலில் மாமாவின் பழுப்பு நிற ப்யூக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. மாமா. மறுபக்கக் கதவு திறந்தது. அப்பா!

ஒரே காரில். பட்டப்பகலில். முன் இருக்கையில்.

"ரெண்டே முக்காலா?" என்றார் அப்பா, வாசலிலேயே.

"நூத்தி நாலு டிகிரி காய்ச்சல்ல இறங்கினேன்மா அன்னிக்கு," என்றார் மாமா. "பேருந்துக்குக் காத்திருக்கிறவங்க மாதிரியாம்! ஹார்லன், நீயே சொல்லு."

"பியூஃபோர்ட் மாதிரி இந்த வட்டாரத்துல எவன் விழுந்தான், சொல்லு பாப்போம்? அவன் விழறதுக்கே தனியா மூணு நட்சத்திரம் போடணும்."

"உன் குத்துக்கு?"

"என் குத்துக்கு ஒண்ணு போதும்."

"ஒன்றரை."

"சரி, ஒன்றரை. நாலரை ஆச்சா? எழுது."

முதல் பாதி மந்தம்தான் என்றேன். இரண்டு பேரும் என் சோபாவில் அருகருகே உட்கார்ந்து, கேசட்டைப் போட்டு, ஒவ்வொரு பிடியாக எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஜூனி இருவர் மடியிலுமாகக் குறுக்கே படுத்துத் தூங்கினாள்.

மாமாதான் முதலில் ஜன்னலைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஹார்லன். நாம எதுல வந்தோம்?"

"என் வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்கேன்னு நீதானே..." அப்பா நிறுத்தினார். "பெட்ரோல் போட இறங்கினேனே."

"நொண்டினியா?"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 10, திங்கள்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மளிகைக் கடையில் அப்பாவின் இடத்தில் ரொட்டி வண்டி நிற்கிறது. முடிதிருத்துபவர் அப்பாவிடம், "உங்களுக்கென்ன சார், நின்னுக்கிட்டே காத்திருக்கலாமே," என்றாராம்.

மிஸ் இமோஜீன் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் வாசிக்க மாட்டேன், லோர்னா. வேற ஆளப் பாத்துக்கோ."

"மிஸ் இமோஜீன், குழந்தைக்காக..."

"அந்தப் போட்டி அன்னிக்கு என் புருஷன் செத்து நாப்பது நாள் கூட ஆகல. வீட்டுல நான் ஒரு சொட்டு அழல. அந்த அரங்கத்துலதான் அழுதேன். உங்கப்பா காலுக்காக அழுதேன். ஊசியோட எழுந்து போனேன்." கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்ப ரெண்டு பேரும் கார்ல காத்து வாங்குறாங்களாம்."

வாசல்வரை அவரோடு போனேன். அவர் சொன்னதை அப்படியே மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இமோஜீன் அன்னிக்கு அழுதாளா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அக்டோபர் 13, வியாழன்

இரண்டு பேரும் வருகிறார்களாம். "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே" என்றார்கள். இருவரும் அதையே வார்த்தை மாறாமல் சொன்னதுதான் கவலையாக இருக்கிறது. மிஸ் இமோஜீனிடம் போய், ஒரே ஒரு பாட்டு போதும் என்று கெஞ்சி வைத்தேன்.

அக்டோபர் 16, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது?

மிஸ் இமோஜீன் வந்தார். ஆர்கனைத் திறக்கவில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா முன் வரிசையில். ஜூனி நேற்றிரவிலிருந்து அழுகை, முகமெல்லாம் சிவப்பு. புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் கில்லியம் வட மாநிலத்துக்காரர், பாவம், அவருக்கு இந்த மல்யுத்தக் கதை எதுவும் தெரியாது. கிண்ணத்தில் கை நனைத்தார். பக்கவாசல் படீரென்று திறந்தது.

கறுப்பு அங்கி. ஒரு கண்ணில் மட்டும் மூக்குக்கண்ணாடி வில்லை. கைத்தடி.

"நிறுத்துங்கள்!" என்றார் ஓட்டோ பிரபு. "சென்ற வாரச் சனிக்கிழமை இந்தக் கோழையை என் வாகனத்தில் கடத்திச் சென்றவன் நானே! நொண்டாமல் நடக்கச் சொல்லி மிரட்டியவனும் நானே! பதினேழு ஆண்டுகளாக இவன் உங்களை ஏமாற்றுகிறான். நான் உடைத்தது வலது காலை! இவன் நொண்டுவது இடது காலில்!"

தேவாலயமே மூச்சை நிறுத்தியது. அப்பா எழுந்தார்.

"வலது கால்தான்," என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "வலி தாங்கிப் பழகிட்டா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு, நல்ல கால்ல நொண்டினேன்டா!"

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் "அதானே பாத்தேன்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கைத்தடி அப்பாவின் வலது காலில் இறங்கியது. அப்பா விழுந்தார். மாமா காலைப் பிடித்து முறுக்கினார். கூட்டம் எழுந்து நின்று ஊளையிட்டது.

"போலீஸக் கூப்பிடட்டுமா?" என்றார் பாஸ்டர், என் தோளுக்குப் பின்னால் நின்று.

மிஸ் இமோஜீன் எழுந்தார். பாட்டுப் புத்தகத்தை இரு கையாலும் ஓங்கி மாமாவின் முதுகில் போட்டார். இன்னொன்று. தொப்பி கோணலாகிவிட்டது. அவர் முகம் நனைந்திருந்தது, ஆனால் பதினைந்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். கை கனத்தது. ஜூனி தூங்கிவிட்டிருந்தாள்.

"தூங்கிட்டா," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஷ்ஷ்!" என்றார் மிஸ் இமோஜீன், புத்தகத்தை ஓங்கியபடி. வரிசை வரிசையாக ஊர் அடங்கியது. தரையில் அப்பாவின் காலைக் கட்டிப் பிடித்திருந்த மாமா தலையை மட்டும் தூக்கினார்.

"நிஜமாவா தூங்கிட்டா?" - ஆர்கன்சாஸ் குரல். எல்லோருக்கும் கேட்டது. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பிடிய விடாதடா," என்று அப்பா கிசுகிசுத்தார். "விட்டா சத்தம் வரும்."

"தண்ணிய ஊத்துங்க பாஸ்டர்," என்றார் மிஸ் இமோஜீன்.

ஊற்றினார். இரண்டு தாத்தாக்களும் தரையில் பின்னிக் கிடந்தபடியே "ஆமென்" சொன்னார்கள். ஜூனி விழிக்கவில்லை.

நாலே கால் நட்சத்திரம். அப்பா குழந்தையைப் பார்க்க ஆசைப்பட்டுச் சீக்கிரம் எழுந்துவிட்டார், அதற்காக முக்கால் குறைத்தேன்.

அக்டோபர் 19, புதன்

வேட்,

இந்தப் பக்கத்தைக் கிழித்து உனக்கே அனுப்புகிறேன், இனிமேல் இதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அப்பா வலது காலில் நொண்டுகிறார். பழகவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு பயிற்சி எடுக்கிறார். மளிகைக் கடை வாசலில் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது.

நேற்று மிஸ் இமோஜீன் பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்புப் பை பலகாரம் ஒன்று கொண்டுவந்தார். "அந்தப் பாவிக்கு. நான் கொடுத்தேன்னு சொல்லாத. விஷம் வெச்சிருக்குன்னு சொல்லு." சொன்னேன். மாமா முழுவதையும் இங்கேயே நின்று தின்றார்.

நவம்பரில் வரும் நன்றி நாள் விருந்துக்கு இருவரும் வருகிறார்கள், ஒரே மேசைக்கு. அப்பா முன்வாசல், மாமா பின்வாசல். திரைச்சீலையை மூடிவிட்டால் விதி மீறியதாகாது என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் பெயிண்ட் டப்பா நசுங்கிவிட்டது, மாமாவுக்கும் வயதாகிறது. பின்வாசலுக்கு நல்லதாக ஒரு படி கட்ட வேண்டும், கைப்பிடியோடு.

அதற்குள் உனக்கு விடுமுறை கிடைக்குமா? சீக்கிரம் பதில் போடு.