லாண்டரிப் பாக்கெட்டில் வந்த காசுகள்

ஜூன் 3
என் வீட்டுக்காரர் செத்தபின், இவர் எலக்ட்ரீஷியனாக இருந்த ஓட்டலில் இருந்து கொடுத்தனுப்பிய டூல் பெட்டியை இன்றுதான் திறந்தேன். மேல்தட்டில் ஸ்குரூட்ரைவர், டெஸ்டர், வயர். அடித்தட்டு முழுக்க வெளிநாட்டுக் காசு. நோட்டும் இருக்கிறது, வெளுத்துப்போய். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூன் 5
பழைய காசு வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன். "இப்படிக் கொட்டிக் கொடுத்தா எடை போட்டுத்தான் எடுப்பேன்மா. நாடு நாடாப் பிரிச்சுக் கொண்டாங்க" என்றார் கடைக்காரர். தமிழ் தவிர வேறு எழுத்தே தெரியாதவள் நான்.

ஜூன் 6
படம் பார்த்துப் பிரித்தேன். பறவைக்கு ஒரு டம்ளர், மீனுக்கு ஒன்று. கிரீடம் வைத்த ராணிக்கு ஒரு சொம்பே வேண்டியிருந்தது.

ஜூன் 7
மானம் போயிற்று. "ராணி ஒருத்திதாம்மா. காசு ஏழெட்டு நாட்டுது" என்று சிரிக்கிறார் கடைக்காரர். ஒருத்தி எத்தனை வீட்டில்தான் உட்காருவாள்?

ஜூன் 9, ஞாயிறு
ஓட்டல் லாண்டரிக்காரி துக்கம் கேட்க வந்தாள். காசைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் நான் கொடுத்ததுக்கா. துணி துவைக்கிறப்ப பாக்கெட்ல கிடக்கும், ஆளு ஊருக்கே போயிருப்பாங்க. அவருக்குப் பிடிக்குமேன்னு எடுத்து வைப்பேன்."

அண்ணனுக்கு என்று சொல்லவில்லை. அவருக்கு.

எந்த நாட்டுக் காசு என்று இவள் படித்துச் சொல்வாளாம். அதனால் இவளை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடுவாராம். என்னை 'இந்தா' என்பார். அதெல்லாம் ஒரு பெயரா?

"நான் பிரிச்சுத் தரட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஜூன் 10
வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அலுப்பு என்று நினைத்தேனே, அலுப்பாம் — பகலெல்லாம் அவகிட்ட பேசி வாய் வலிச்சிருக்கும். செத்த மனுஷன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?

ஜூன் 16, ஞாயிறு
நானே அவளை வரச் சொன்னேன். காசுக்காகத்தான்.

பிரித்துக்கொண்டே பேசினாள். "இதைக் கொடுத்தப்ப ஏணி மேல நின்னாரு. வாயில ஸ்குரூவைக் கடிச்சுக்கிட்டே சிரிச்சாரா, அது ணங்குனு கீழ விழுந்திருச்சு."

இவர் அப்படிச் சிரிப்பாரா?

கேட்டேவிட்டேன். "உனக்கும் அவருக்கும் என்னடி?"

அவள் கை நிற்கவில்லை. "எனக்கு இருந்துச்சுக்கா. அவருக்கு இருந்துச்சான்னு தெரியாது. கேட்டிருந்தா டூல் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாரு."

அறையலாம் போல இருந்தது. அடுத்த காசை எடுத்து நீட்டினேன்.

ஜூன் 18
துவைத்த நோட்டுக்கு மதிப்பு இல்லையாம். காசுக்கு, நான் நினைத்ததைவிட நல்ல விலையே சொன்னார் கடைக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்று, அவள் நாடு நாடாகப் பிரித்துத் தந்த பொட்டலங்களைத் திரும்பக் கட்டி எடுத்துவந்துவிட்டேன். விழுந்த ஸ்குரூவை யார் குனிந்து எடுத்தது? அதை அவளிடம் கேட்கவே இல்லை.

ஜூன் 22, சனி
பொட்டலம் எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரே குண்டானில் கொட்டி, அடிவரை கைவிட்டுக் கலக்கினேன். பிறகு அவளுக்கு போன் போட்டேன். "காசெல்லாம் கலந்துபோச்சு. நாளைக்கு வந்து பிரிச்சுக் குடு."

எப்படிக் கலந்தது என்று அவள் கேட்கவில்லை. "காலையிலேயே வந்துடவாக்கா?" என்றாள்.