உன் அம்மா உப்பை நிறுத்தின கதை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம், இப்போ உண்மையாவே சௌக்கியம், அதனாலதான் தைரியமா பேனாவை எடுத்தேன். நீ எப்படிம்மா இருக்கே, குளிருக்குக் காதை மூடிக்கிறியா? போன்ல சொன்னா பாதியிலேயே அழ ஆரம்பிச்சிடுவே, அதான் கடிதம். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடுச்சுன்னு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு. உன் அம்மாவைத்தான் தெரியுமே, குறைக்கிறதாவது, உப்பு ஜாடியையே அலமாரி உச்சியில ஏத்திட்டா. எனக்கு மட்டும் தனியா சமைச்சா நான் மத்தவங்க தட்டுல கை வைப்பேனாம், அதனால வீட்டுக்கே ஒரே சாப்பாடு. உன் தம்பியும் அப்பாவுக்குத் துணையா இருக்கட்டும்னு முகம் சுளிக்காம சாப்பிட்டான். உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியான்னு யாராவது திட்டியிருந்தா, இல்லைங்கன்னு பணிவா ஒத்துக்கிட்டிருப்பேன்.

கொஞ்ச நாள்ல உன் தம்பிக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. மூக்குக்கண்ணாடிக் கடையில திருகாணி மாட்டுற பிள்ளை, பாதி நேரம் மேசைக்கடியில திருகாணி தேடுறான்னு கடை முதலாளி சொன்னாரு. அப்புறம் வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல். குடிச்சிருக்கானான்னு பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், அவனை நான் பிறகு கவனிச்சுக்கிறேன். அலறியடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவனைப் பார்க்குற மனநல டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, வீட்டுச் சாப்பாட்டுல என்ன மாத்தினீங்கன்னு கேட்டாங்க. மனசு ஒரு நிலையில நிக்க அவன் சாப்பிடுற லித்தியம் மாத்திரை இருக்கே, உடம்புல உப்பு திடீர்னு குறைஞ்சா அது வெளியே போகாம உள்ளேயே சேர்ந்துடுமாம். மாத்திரையை நிறுத்தி, ட்ரிப்ஸ் ஏத்தி, சரியானதும் திரும்ப ஆரம்பிச்சு அனுப்பினாங்க. அதனால சொல்றேன், சர்க்கரையையும் மாவையும் விட்டா மாத்திரையே வேண்டாம்னு ஒரு மகானுபாவர் பேசுற வீடியோ அனுப்பினியே, அதைத் தம்பிக்குக் காட்டிடாதே தாயே. நல்ல சாப்பாடு அவனுக்கு அவசியம்தான், ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்லை. எதை மாத்தினாலும் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்.

எனக்குப் பெரிய கவலை வேற. முதல்முதல்ல நோய் வந்தப்போ, அம்மா சாப்பாட்டுல எதையோ கலக்குறான்னு தட்டைத் தள்ளித் தள்ளியே எலும்பும் தோலுமா ஆனானே. இப்போ டாக்டரே அவன் காதுபட, சாப்பாட்டாலதான்னு சொல்லிட்டாங்க. பழைய சந்தேகம் திரும்பி, சாப்பாட்டையும் மாத்திரையையும் சேர்த்தே ஒதுக்கிட்டா பிள்ளை நம்ம கையில இல்லைன்னு பயந்து செத்தேன். உன் அம்மாவோ கரண்டியைத் தொடவே கை வரலைன்னு அழுதா. வீட்டுக்கு வந்த அன்னைக்கு அவனே தட்டை எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போனான். நான் கதவோரம் நின்னு எட்டிப் பார்க்கிறேன். அம்மாகிட்ட சொல்றான், அப்போ நீ எதையோ போடுறேன்னு சண்டை போட்டேன், இப்போ போடாம மாட்டிக்கிட்டியே, சரி சரி, சோத்தைப் போடும்மா, பசிக்குதுன்னு. அவ சிரிச்சாளா அழுதாளான்னே தெரியலை, நான் நல்லாவே அழுதேன். அவன் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நீ எந்தக் குறையும் இல்லாம நல்லா இருக்கணும் கண்ணு. ஞாயித்துக்கிழமை தம்பிக்குப் போன் பண்ணு, மறந்துடாதே. நோயைப் பத்தி ஒண்ணும் துருவாதே, சாப்பிட்டியாடான்னு மட்டும் கேளு.

இப்படிக்கு,
இப்போ தனியா சப்புன்னு சாப்பிடும்
உன் அப்பா