சாட்சிக் கையெழுத்து

இன்று காலை அண்ணன் ஒரு பட்டுப்புடவையை வைத்துவிட்டுப் போனான். பிரிக்காத புதுப்பட்டின் வாசனை இன்னும் கூடத்தில் நிற்கிறது. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. நீ இருந்திருந்தால் புடவையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். பத்திரப் பதிவு என்றைக்கு என்றுதான் கேட்டிருப்பாய்.

தருமபுரியில் பத்திரம் எழுதுபவரிடம் டைப் அடித்தவள் நீ. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான். அக்கா தங்கைகள் தங்கள் பங்கைக் கூடப்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாரத்துக்கு மூன்று நான்கு உன் கையால் போகும். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி" என்ற வரி வந்ததும் கையை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பாய். வேப்பமரத்தடியில் அந்தப் பெண் புதுப்புடவையில் நிற்பாள், சுற்றிலும் நான்கைந்து ஆண்கள். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தன காவல் இருக்காது புள்ள" என்பாய். "திடீர்னு பாசம் வந்தா, பின்னாடியே பேப்பர் வருதான்னு பாரு."

அப்படிச் சொன்ன நீ, உன் அப்பா இறந்த மூன்றாம் மாதம் உன் பத்திரத்தை நீயே டைப் அடித்தாய். நல்லம்பள்ளிப் பக்கம் இருந்த நிலம் முழுக்கத் தம்பிக்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு ஒண்ணுன்னா போய் நிக்க எனக்கு அம்மா வூடு வேணும்ல. நெலத்தக் கேட்டா வாசல் அடஞ்சிடும்" என்றாய். சாட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது என்று என்னையே கூப்பிட்டாய். கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் உன் தம்பி வாங்கிக்கொடுத்த பிரியாணியையும் சாப்பிட்டேன்.

பிறகு உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போனார். பெட்டியோடு அந்த வாசலில் போய் நின்றாய். "ரெண்டு நாளுன்னா பரவால்லக்கா, அதுக்கு மேல எடம் பத்தாது" என்றானாம் தம்பி. நீ அடித்த பத்திரத்தில் வாசலைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அது மற்றவர்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாடகை அறையில் நான்கு வருடம் இருந்து, அங்கேயே முடிந்துபோனாய்.

இன்றைக்கு என் முறை, எங்கள் அப்பா நிலத்துக்கு. "ஒரு கையெழுத்துதான் பாப்பா. பொதங்கெழம கார் அனுப்பறேன்" என்றான் அண்ணன். இத்தனை வருடம் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன். அவன் போனதும் என் வீட்டுக்காரர், "வுட்டுக் குடுக்காத, சட்டம் உம் பக்கம் இருக்குது" என்றார். சட்டம் என் பக்கம் இருப்பது அவருக்கு இன்றுதான் தெரிந்திருக்கிறது. என் பங்கு நிலம் என் பேரில்தான் இருக்கும் என்றேன். "நாம ரெண்டு பேரும் வேற வேறயா?" என்று சிரித்தார். மத்தியானத்திலிருந்து போனில் டிராக்டர் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னையும் நான் முழுதாக நம்பவில்லை. நியாயத்துக்காகத்தான் கேட்கிறேனா, அண்ணிமேல் இருக்கும் பழைய கோபத்திலா? கோபமும் இருக்கிறது. அதற்காகப் பங்கு இல்லாமல் போய்விடுமா?

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, "நான் கையெழுத்துப் போடலண்ணா" என்றேன். "யாரு உனக்குச் சொல்லிக் குடுக்கறது? மாப்பிள்ளையா?" என்றான். இவளே யோசித்திருப்பாளோ என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் வருவதில்லை. அம்மா போனை வாங்கி, "இனி இந்த வூட்டுப் பக்கம் வராத" என்று சொல்லி வைத்துவிட்டாள். சமையலறைக்குப் போய் அழுதேன். நீ பயந்தது எதற்கென்று இப்போது புரிகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் பத்திரம் பதிவான அன்று அதிகாரி, "சம்மதந்தானுங்களா?" என்று கேட்டபோது நீ பதில் சொல்லாமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். நான் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் எழுந்து வந்திருப்பாய் என்றே இன்றுவரை நினைக்கிறேன். நீ பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் குனிந்து, கையிலேயே இருந்த ஆதார் அட்டையைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.