என் சாயங்காலத்தைப் பிடுங்கிக்கிட்டவ

அக்கா,

பக்கத்து ரூம்லதான் இருக்க. ஆனா மூஞ்சியப் பாத்துச் சொன்னா அழுதுடுவேன், அதான் லெட்டர்.

நீ வெயிட் குறைக்கிறதுல எனக்கு சந்தோஷம்தான், சத்தியமா! வீட்ல சும்மா இருந்தா கை சிப்ஸைத் தேடுதுன்னு பேட்மின்டன்ல சேர்ந்தியே, அன்னைக்கு நீ போட்ட போட்டோவுக்கு முதல் ஹார்ட்டு போட்டதே நான்தான். ஆனா தினமும் சாயங்காலம் ஒரே போர்வைக்குள்ள நம்ம ஹீரோவோட வீடியோவா பாத்துத் தள்ளுவோமே, அந்த நேரம் மொத்தமும் இப்ப உன்கூட ஆட வர்ற ஆபீஸ் தோழிக்குப் போயிடுச்சு.

நேத்து நீங்க ஆடுற கோர்ட் வாசல் வரைக்கும் வந்தேன். நீ பந்தை விட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்ச. அவ, "ஏய் குண்டு, ஓடுடி!"ன்னு கத்தினா. குண்டுன்னு உன்னை நான் மட்டும்தானே கூப்பிடுவேன்? நீ கோவப்படவே இல்ல! உள்ள வராமலே திரும்பிட்டேன்.

நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. எனக்கு பேட் பிடிக்கக்கூடத் தெரியாது, பரவாயில்ல. நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க, நான் பந்து பொறுக்கிப் போடுறேன். ஆனா திரும்பி வர்றப்ப ஸ்கூட்டர்ல உன் பின்னாடி நான்தான் உட்காருவேன். அவ பஸ்ல போகட்டும்.

உன் கூடப் பொறந்தவ
(அவ இல்ல, நான்!)