லண்டன் தெருவில் நாம் தின்ற கறி

தோஸ்த்,

நேற்று சாயங்காலம் ஆம்பூர் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். முனையில் புதிதாக ஒருவன் தள்ளுவண்டி போட்டிருக்கிறான். கம்பியில் கோத்த கறியைக் கரியடுப்பில் சுடுகிறான். கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டி எழுந்த புகை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. ஜோலார்பேட்டை ரயில்காரன் ஒருவன், "இன்னா கறிப்பா?" என்று கேட்டான். "ஆடுதாங்க" என்றான் வண்டிக்காரன். அவ்வளவுதான். கேட்கவும் ஒரு நொடி, சொல்லவும் ஒரு நொடி.

அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. இன்று காலை இதை எழுத ஆரம்பித்து இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

தோல் ஷாப் முதலாளி நம் இருவரையும் லண்டனுக்குக் கப்பலேற்றி அனுப்பியதிலிருந்து தொடங்குகிறேன். நம் ஷாப்பில் பதனிட்டு அனுப்பிய ஆட்டுத்தோல்களை லண்டன் கிடங்கில் மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். தோலைத் தடவிப் பார்த்தே அது ஆவாரம்பட்டைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறியது என்று சொல்லும் கை உன்னுடையது. மிஷன் பள்ளியில் படித்த அரைகுறை இங்கிலீஷ் என்னுடையது. மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது நீ சொன்னாய்: "கை என்னுது, வாய் உன்னுது. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு ஆளு."

உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் உனக்கு ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். வேறு கதியில்லாதபோது அந்த ஊர்க்காரர்கள் அறுத்த ஆட்டையும் மாட்டையும் தின்னலாம். பன்றி மட்டும் எந்தக் காலத்திலும் ஆகாது. அதனால் எதை வாங்கினாலும் நான்தான் கேட்க வேண்டும். ரொட்டியில் என்ன கொழுப்பு, பிஸ்கட்டில் என்ன கொழுப்பு, முட்டையை எதில் பொரித்தாய்? ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். "கேட்டியா? இன்னா சொன்னான்?" நல்ல பதில் வராவிட்டால் எடுத்த கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாய். காய்ந்த ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்குமாக நாற்பது நாள் ஓடியது. உன் கன்னம் ஒட்டிப்போயிற்று.

நான் பட்டது உனக்குத் தெரியாது. கிடங்குக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு மூட்டைக்காரன், நான் கொழுப்பைப் பற்றிக் கேட்டதை என் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினான். கடை முழுக்கச் சிரித்தது. உனக்குப் புரியவில்லை, நீயும் கூடச் சிரித்தாய். அன்றிலிருந்து வாயைத் திறக்கவே எனக்குக் கூசியது.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம் நம் சரக்கு தேறியது. நீ ஒவ்வொரு தோலாகத் தடவிக் காட்டிய பிறகு அவர்களால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பனி தூறிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத் திரும்பி வரும் வழியில் ஒரு கிழவனின் தள்ளுவண்டி. விரல் போல உறையில் அடைத்த கறி வெங்காயத்தோடு வாணலியில் பொரிந்துகொண்டிருந்தது. நீ நின்றாய்.

"வாசனை ஆளைத் தூக்குது. இன்னா கறின்னு கேளு தோஸ்த்."

வண்டியைச் சுற்றி நாலைந்து பேர். அதில் அந்த மூட்டைக்காரனும் இருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் உதட்டோரம் சிரிப்பு வந்தது. நான் கிழவனிடம் இரண்டு என்று மட்டும் சொல்லி வாங்கினேன். உன் பக்கம் திரும்பி, "ஆடுதான்" என்றேன்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

நீ பிஸ்மில்லா சொல்லிக் கடித்தாய். கொழுப்பு மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. நீ குளிரில் நடுங்குவதைப் பார்த்த கிழவன், அடுப்புப் பக்கம் உனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றான். "இங்க வந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் சாப்ட்டேன்" என்றாய். அதற்கு அடுத்த நாள் நீயாகவே போய், விரலைக் காட்டி வாங்கி, எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாய்.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தனியாகப் போய்க் கிழவனிடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. பன்றிதான், அதைத் தவிர வேறெதுவும் இந்த வண்டியில் போடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னான். உன்னிடம் வந்து, வண்டிக்காரன் வேறு தெருவுக்குப் போய்விட்டான் என்றேன். கிளம்பும் வரைக்கும் உன்னை வேறு வழியாகவே அழைத்துப் போனேன்.

கப்பலில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். மேல்தட்டில் நீ தொழுதுவிட்டு எழுந்து வரும் முகத்தைப் பார்த்தால் நாக்கு எழாது. ஏடனில் சொல்லலாம், கொழும்பில் சொல்லலாம் என்று நாள் தள்ளி மதராஸ் வந்து இறங்கினோம்.

பிறகு வருஷங்கள் போயின. ஷாப்பில் ஆட்களுக்குள் தகராறு வந்தால் நீ என்னைக் கை காட்டுவாய்: "அவன் கேட்டுச் சொன்னா சரியா இருக்கும். சீமையில என் சோத்துக்கே அவன்தான் காவல்." எல்லோரும் சிரிப்பார்கள். நான் தோலைப் புரட்டுவது போலக் குனிந்துகொள்வேன். பெருநாள் தவறாமல் உன் வீட்டு பிரியாணி என் வீட்டுக்கு வரும். என் வீட்டுக்காரி சட்டியைத் திறப்பதற்குள் நான் வெளியே போய்விடுவேன்.

உனக்கு மூச்சு முட்டி, படுக்கையோடு படுத்துவிட்டாய் என்று ஆள் வந்தபோது, இனிமேல் தள்ள நாள் இல்லை என்று புரிந்தது. உன் சம்சாரம் திரைக்குப் பின்னால் இருந்தார். உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"லண்டன்ல வண்டியில சாப்ட்டமே, அது பன்னிக்கறி. பின்னாடிதான் எனக்குத் தெரியும்."

நீ மேலே பார்த்துக்கொண்டே கிடந்தாய். கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கு நீ கேட்டியே. அவன் இன்னா சொன்னான்?" என்றாய்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

"ஆடுன்னுதான் சொன்னான்" என்றேன்.

உன் முகம் தெளிந்தது. "பாவம், வயித்துப் பொழப்பு. அல்லா அவனை மன்னிக்கட்டும். தெரியாம தின்னது நம்மளச் சேராது. நீ ஜாஸ்தி நெனைச்சுக் கொழப்பிக்காதே" என்றாய். திரைப்பக்கம் தலையைத் திருப்பி, எனக்கு டீ கொண்டுவரச் சொன்னாய். நான் குடித்தேன். நாலாம் நாள் உன் ஜனாசாவோடு அடக்கம் செய்யும் இடம் வரை நடந்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருந்தபோது உன் சம்சாரம் சொல்லி அனுப்பினார்: "கடைசியில அவரு மனசு லேசா போனாரு. நீங்க வந்து பேசிட்டுப் போனீங்களே, அதுனாலதான்." அவரிடம் போய் மாற்றிச் சொல்லவா? அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதலை எடுத்துவிட்டு எனக்கு ஆறுதல் தேடவா? உன் தெரு முனை வரைக்கும் மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவத்தை அறிக்கை செய்யும்போது எல்லாம் வாயில் வருகிறது, இது மட்டும் வருவதில்லை.

உன் கை நேர்மையாகச் செய்த வேலையால் முதலாளி பிழைத்தார். என் வாய் செய்தது இது. அந்தக் கிழவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, தோஸ்த். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான். நான் கேட்கவே இல்லை. நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து கேட்கவில்லை. நீ கையை உருவிக்கொள்வாயோ என்று பயந்து, சாகக் கிடந்த உன்னிடமும் கேட்டதாகவே சொன்னேன். நீ மனதார மன்னித்தாய். அந்த மன்னிப்பு ஒரு தப்பும் செய்யாத கிழவன் பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் பேருக்கு நான் இன்னும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பதில் சொல்ல நீ இல்லை என்று தெரிந்துதான் இவ்வளவு தைரியமோ என்னவோ, அதையும் சொல்லத் தெரியவில்லை.